இருபது ரூபாய்த் தண்டம்! ஆயுள் தண்டனை!

இருபது ரூபாய்! இன்று அதைக் கையிலே எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குச் சென்றால் இரண்டு பேர் தேநீர் குடிக்கப் பற்றாது. ஆனால், தோழர்களே, அந்த இருபது ரூபாய் ஓர் ஏழை ஊழியரின் வேலையைத் தின்றது. அவரை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிக்கட்டுகளிலே ஏறி இறங்க வைத்தது.

கட்டிவிட்ட கதையல்ல நாம் சொல்வது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்த வழக்கு. அரியானா மாநிலத்திலே கடைநிலை ஊழியர் ஒருவர். இந்தியத் தண்டனைச் சட்டம் 294ஆம் பிரிவின் கீழ், அதாவது பொது இடத்திலே தகாத சொல் பேசினார், தகாத வகையில் நடந்தார் என்ற பிரிவின் கீழ், அவர்மீது ஒரு சில்லறை வழக்கு. நீதிமன்றத்திலே, "ஆமாம் ஐயா" என்று ஒப்புக்கொண்டார், இருபது ரூபாய் அபராதம் கட்டினார், வீட்டுக்குப் போனார். தீர்ந்தது என்று எண்ணினார். தீரவில்லை! "தண்டனை பெற்றவன் நீ, அரசுப் பணியிலே உனக்கு இடமில்லை" என்று வெளியேற்றப்பட்டார். கீழ் மன்றங்கள் கைவிட்டன. கடைசியிலே உச்ச நீதிமன்றம்தான், இப்படி நீக்கியது செல்லாது என்றது. அத்தோடு நிற்கவில்லை. சுருக்க விசாரணையிலே சிறு அபராதம் கட்டியவர்கள் இந்நாட்டில் ஆயிரமாயிரம் பேர்; பெரும்பாலும் இளைஞர்கள், அனுபவமற்றவர்கள்; இந்தச் சின்னஞ்சிறு வழக்கினால் அவர்கள் வாழ்வு கருகிவிடலாகாது; ஆகவே இரண்டாயிரம் ரூபாய் வரையிலான அபராதத்தைத் தண்டனையாகவே கருதாதபடி நாடாளுமன்றம் வழிசெய்ய வேண்டும் என்று எடுத்துரைத்தது.

எடுத்துரைத்தது 1996இல். அதன்பின் எத்தனை ஆட்சிகள் வந்தன! எத்தனை சட்டங்கள் பிறந்தன! ஒரே நாடு என்றார்கள், ஒரே வரி என்றார்கள். இந்த இருபது ரூபாய் ஏழைக்கு ஒரு வரி எழுதினார்களா? எழுதவில்லை!

இதை இன்று நாம் ஏன் கிளறுகிறோம்? புதுக்கோட்டைச் சீமையிலே, மருத்துவமனை வாசலிலே, இந்தக் கேள்வி நின்றுகொண்டிருப்பதால் கிளறுகிறோம்.

வானம் பார்த்த பூமி நமது புதுக்கோட்டை. கல்லுடைத்தும், முந்திரி வறுத்தும், கடல் கடந்து சென்று கூலி அனுப்பியும் பிழைக்கிற மாவட்டம். 1974 சனவரியிலே தனி மாவட்டமாயிற்று. 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மருத்துவமனை வளர்ந்தால் என்ன வளரும்? டாக்டர்கள் மட்டுமா? டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, நோயாளியின் பக்கத்திலே இருக்கிற கைகள் பல வேண்டும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் கை, படுக்கை விரிப்பை மாற்றும் கை, கிழவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்து முதுகிலே படுக்கைப்புண் வராமல் காக்கும் கை, பெட்பேன் எடுக்கும் கை, காய்ச்சல் அளந்து நர்சம்மாவிடம் சொல்லும் கை. அந்தக் கைகளுக்குப் பெயர்தான் நர்சிங் உதவியாளர். பெரிய படிப்பு வேண்டாம். பெரிய சிபாரிசு வேண்டாம். பெற்ற தாயைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டத் தெரிந்த மனமும், சில மாதப் பயிற்சியும் போதும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்திலே இருக்கிற கிளை அது.

அந்தக் கிளையை எட்டிப் பிடிக்கப் போகிறான் ஓர் இளைஞன். கறம்பக்குடிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதுவாயினும் இருக்கட்டும். ஏழைக்குப் பெயர் எத்தனை, கதை ஒன்றுதானே! தந்தை கல்லுடைத்த கையோடு காச நோயிலே படுத்தவர். அவருக்குப் பணிவிடை செய்தே இவன் பாதி செவிலியனாகிவிட்டான். பயிற்சி முடித்தான், சான்றிதழ் வாங்கினான், தனியார் மருத்துவமனைக்குப் போனான். விண்ணப்பத் தாளிலே பெயர், ஊர், படிப்பு எல்லாம் எழுதினான். கடைசிக்குச் சற்று முன்னே ஒரு கட்டம்: உம்மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா? தண்டனை பெற்றதுண்டா?

பேனா நின்றுவிட்டது.

மூன்றாண்டுக்கு முன் திருவிழாவிலே ஒரு கைகலப்பு. இவன் இழுத்துவிடப் போனானோ, இழுபட்டுத்தான் போனானோ, காவல் நிலையத்திலே பெயர் ஏறிவிட்டது. தமிழ்நாட்டிலே தெருச்சண்டை என்றால் எந்தப் பிரிவு என்பது நம் தோழர்களுக்கு மனப்பாடம்: 294(பி), 323, 506. வாய்ச்சொல்லுக்கு ஒன்று, கை வைத்ததற்கு ஒன்று, மிரட்டினான் என்பதற்கு ஒன்று. 2024 சூலை முதல் நாளிலிருந்து சட்டத்தின் பெயர் மாறிற்று, எண்களும் மாறின. 294 என்பது 296 ஆயிற்று. எண் மாறிற்று, ஏழையின் எண்ணம் மாறிற்றா? ஊரிலே அதற்குப் பெயர் அன்றும் இன்றும் "பெட்டி கேஸ்"தான்!

பெட்டி கேஸ் எப்படி முடியும்? "ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டுப் போப்பா, இல்லாட்டி வாய்தா வாய்தான்னு அலைவே" என்பார்கள். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும். பத்து வாய்தாவுக்குப் பத்து நாள் கூலி போகும். கணக்குப் போட்டுப் பார்க்கிறான் கூலிக்காரன். குற்றம் செய்தானா இல்லையா என்ற கணக்கல்ல. கூலி எவ்வளவு போகும் என்ற கணக்கு! "ஆமாங்க" என்கிறான், பணத்தைக் கட்டுகிறான், ரசீதை மடித்து மடியிலே செருகிக்கொண்டு வருகிறான். தான் கட்டியது அபராதம் மட்டும் என்று நினைக்கிறான். அந்த ஒரு "ஆமாங்க", சட்டத்தின் ஏட்டிலே 'குற்றவாளி எனத் தீர்ப்பு' என்று எழுதப்பட்டதை அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை!

இப்போது அந்த விண்ணப்பக் கட்டத்தின் முன் நிற்கிறான். உண்டு என்று எழுதினால், "அப்படியா? சரி, பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. இல்லை என்று எழுதினால், இன்றைக்கு வேலை கிடைக்கும். நாளைக்குக் காவல் சரிபார்ப்பு வரும். "பொய் சொன்னாய், போ வெளியே" என்பார்கள். சொன்னால் வேலை கிடைக்காது; சொல்லாவிட்டால் கிடைத்த வேலை நிலைக்காது! இதற்குப் பெயரா நீதி?

*

குறி வைத்து வாசலடைக்கும் பழக்கம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. அன்று பிறப்பைக் கேட்டு அடைத்தார்கள். 1871ஆம் ஆண்டு வெள்ளையர் ஒரு சட்டம் போட்டார்கள்: குற்றப் பரம்பரைச் சட்டம். திருடியவன் குற்றவாளி என்பதுதானே உலக வழக்கு? அந்தச் சட்டமோ, இன்ன குலத்திலே பிறந்தவன் குற்றவாளி என்றது! கைரேகை எடு, இரவிலே காவல் நிலையத்திலே வந்து படு என்றது. அதை எதிர்த்து மதுரைச் சீமை பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3ஆம் நாள் எளிய மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினார்கள். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, "ஒருமுறை ஏட்டிலே ஏறியவன் என்றென்றும் அவனே" என்கிற அந்தக் குணம் ஒழிந்ததா?

புதுக்கோட்டைக்கே உரிய சான்று ஒன்று உண்டு. 1886இல் அந்த நகரிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய் இசை வேளாளர் குலம். பெண் படிப்பதா என்று ஒரு கூட்டம் முகஞ்சுளித்தது. இந்தத் தாயின் மகள் நம் வீட்டுப் பிள்ளைகளோடு கல்லூரியிலே அமர்வதா என்று இன்னொரு கூட்டம் மூக்கைப் பிடித்தது. தொண்டைமான் மன்னர் கூட்டத்தின் கூச்சலைப் பொருட்படுத்தவில்லை. மன்னர் கல்லூரியின் கதவைத் திறக்கச் சொன்னார். அந்தப் பெண்தான் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி! சட்டமன்றம் ஏறி, தேவதாசி முறையை வேரறுக்கப் போராடி, 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய அம்மையார். கதவு திறக்காதிருந்தால் இழப்பு யாருக்கு? அவருக்கு மட்டுமா? அந்த மருத்துவமனையிலே உயிர் பிழைத்த ஒவ்வொரு நோயாளிக்கும் அல்லவா!

வாசலை அடைப்பவர்கள் வெளியே நிற்பவனைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே படுத்திருக்கும் நோயாளி, வரவேண்டிய ஒரு நல்ல கையை இழந்ததை அவர்கள் பார்ப்பதேயில்லை.

*

"நிறுத்துமையா! நோயாளி மயங்கிக் கிடப்பான். காதிலே தோடு இருக்கும், தலைமாட்டிலே பணமிருக்கும், பெண்கள் இருப்பார்கள், குழந்தைகள் இருப்பார்கள். யாரை வேண்டுமானாலும் உள்ளே விடச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். நேருக்கு நேர் நின்றே விடை சொல்கிறோம். யாரை வேண்டுமானாலும் விடச் சொல்லவில்லை! பெண்ணிடம் தகாது நடந்தவன், குழந்தையைத் துன்புறுத்தியவன், நம்பி ஒப்படைத்த முதியவரை அடித்தவன், அவர் பொருளைச் சுரண்டியவன், இப்படிப்பட்டவனை வார்டுக்குள் விடாதே என்று நாமே சொல்கிறோம். படுத்திருப்பவர் நம் தாய். நம் தோழனின் தந்தை. பணக்காரன் வீட்டிலே காவலுக்கு ஆள் வைப்பான். ஏழைக்கு வார்டு ஊழியனின் நல்ல மனமே காவல். எனவே விசாரணை வேண்டும்.

ஆனால், என்ன வழக்கு, எப்போது நடந்தது, அப்போது வயதென்ன, அதன்பின் நடத்தை எப்படி, செய்யப்போகிற வேலைக்கும் அந்த வழக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதுதான் விசாரணை. 'உண்டா, இல்லையா' என்று ஒரே சொல்லிலே கேட்டுக் கதவைச் சாத்துவது விசாரணையல்ல, சோம்பல்! திருவிழாவிலே சட்டையைப் பிடித்தவனும், தூங்கும் நோயாளியின் தாலிச்சங்கிலியை அறுத்தவனும் ஒரே கட்டத்திலே ஒரே 'ஆம்' எழுத வேண்டும் என்றால், அந்தக் கட்டத்தை வரைந்தவருக்கு நெல்லுக்கும் பதருக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றுதானே பொருள்?

இதையெல்லாம் நாம் மட்டும் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு அவதார் சிங் வழக்கிலே உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்ந்து விதிகளை வகுத்தார்கள். வழக்கு பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார்கள். கேட்கிற தாளும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று தண்டிக்கக் கூடாது என்றார்கள். தனக்கே தெரியாத வழக்கை மறைத்தான் என்று எவனையும் குற்றம் சாட்டக் கூடாது என்றார்கள். இளவயதிலே முழக்கமிட்டான் என்பது போன்ற அற்ப வழக்கை ஒருவன் மறைத்திருந்தாலும்கூட, அதைப் பொறுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்றார்கள்.

கவனித்தீர்களா தோழர்களே! இளவயதிலே முழக்கமிட்டது! நம்மிலே முழக்கமிடாதவர் யார்? இதே புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலிலே 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து, விளைநிலம் பாழாகலாகாது என்று ஊரே திரண்டு அமர்ந்ததை மறக்க முடியுமா? அதே ஆண்டு சனவரியிலே ஏறு தழுவுதலுக்காக இளைஞர் கூட்டம் தமிழகமெங்கும் தெருவுக்கு வந்ததை மறக்க முடியுமா? மறியல் செய்தோர்மீதும் முழக்கமிட்டோர்மீதும் வழக்குப் போடுவது எந்தக் காலத்திலும் நின்றதில்லை. அத்தகைய அறப்போர் வழக்குகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாகத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. நல்லதுதான்.

இன்னொன்றும் அந்த ஆண்டிலே நடந்தது. கொரோனா ஊரடங்கிலே வெளியே வந்தார்கள் என்று போட்ட வழக்குகள் சுமார் 10 இலட்சம். வன்முறை போன்றவை நீங்கலாக அவற்றைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய அரசு அறிவித்தது. பத்து இலட்சம் வழக்கை ஓர் அறிவிப்பிலே துடைக்க முடிகிறது. பத்தாண்டுக்கு முன் முன்னூறு ரூபாய் அபராதம் கட்டியவனின் பெயரை ஏட்டிலிருந்து துடைக்க மட்டும் வழியில்லையாம்!

வேடிக்கை இதோடு முடியவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பட்டியலிட்ட சில குற்றங்கள் நீங்கலாக, இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால்தான் தேர்தலில் நிற்கத் தகுதி போகும். அபராதம் மட்டும் கட்டியவன் கோட்டைக்குப் போகலாம், சட்டம் இயற்றலாம், சுகாதாரத்துறைக்கே அமைச்சராகலாம்! அதே மனிதன் அந்தத் துறையின் மருத்துவமனையிலே பெட்பேன் தூக்கப் போனால் மட்டும், "உன் நடத்தை எப்படி?" என்று ஏடு புரட்டுவார்கள். ஆளுவதற்குத் தடையில்லாத தண்டனை, அழுக்குத் துணி அள்ளுவதற்குத் தடையாம்!

*

மேனாட்டிலே எப்படி என்று பார்ப்போம்.

இங்கிலாந்திலே ஒரு பெண்மணி. 2001ஆம் ஆண்டு, அவருக்கு வயது நாற்பத்தொன்று. கடையிலே ஒட்டு நகப் பொட்டலம் ஒன்றை எடுத்துவிட்டார் என்று காவல்துறை பிடித்தது. நீதிமன்றத்துக்கும் போகவில்லை, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். எட்டாண்டு கழிந்தது. 2009இல் முதியோரையும் நோயாளிகளையும் பேணும் பணிக்கான பயிற்சியை முடித்தார். வேலைக்குமுன் காவல்துறைச் சான்று கேட்டார்கள். சான்றிலே வந்து நின்றது அந்த நகப் பொட்டலம்! "உங்களை வேலைக்கு அனுப்பிவைக்க எங்களால் இயலாது" என்றது பயிற்சி நிறுவனம். நம் கறம்பக்குடி இளைஞனின் கதைதானே அது? கடல்தான் நடுவிலே, கதை ஒன்றே!

அந்தப் பெண்மணி ஓய்ந்துவிடவில்லை, வழக்காடினார். 2014 சூன் 18ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன குற்றம், எவ்வளவு பழையது, வேலைக்கு அது பொருத்தமா என்று பாராமல் எல்லாப் பழங்கணக்கையும் கொட்டிக் காட்டுவது மனிதனின் தனிவாழ்வு உரிமைக்கு மாறானது என்றது. அரசும் சும்மா இருக்கவில்லை. பழைய சிறு குற்றங்களைச் சான்றிலே காட்டாமல் வடிகட்டும் முறையை 2013லேயே தொடங்கியிருந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1974இலே, தண்டனை முடிந்து குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தவனின் சிறு குற்றம் 'கழிந்துபோன குற்றம்' எனச் சட்டம் செய்த நாடு அது. மருத்துவமனை போன்ற பணிகளுக்கு அந்தச் சட்டத்திலே விலக்கு வைத்திருந்தார்கள். அந்த விலக்கிலும் வடிகட்டிதான் பிறகு வந்தது. நம் நாட்டிலே இருக்கிறதா அப்படியொரு பொதுச் சட்டம்? இல்லை! குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து திணித்த வெள்ளைக்காரன், தன் வீட்டைத் திருத்திக்கொண்டான். அவன் விட்டுச்சென்ற குணத்தை நாம்தான் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம்!

பெரியவர்களுக்குச் சட்டம் இல்லையே தவிர, சிறுவர்களுக்கு இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குள் செய்த தவறு பிற்காலத்திலே தகுதிக் குறைவாகாது என்கிறது. பதினாறு நிரம்பியபின் செய்த மிகக் கொடிய குற்றத்துக்கே விலக்கு. பதினேழே முக்கால் வயதிலே செய்தால் துடைப்போம், பதினெட்டேகால் வயதிலே செய்தால் துடைக்கமாட்டோம்! அந்த அரை ஆண்டிலே என்ன ஞானம் பிறந்துவிடும்?

1950இல் வந்த 'ஏழை படும் பாடு' என்ற படம் பழைய தோழர்களுக்கு நினைவிருக்கும். பிரெஞ்சு நாட்டு விக்டர் யூகோ எழுதிய புதினத்தின் தமிழ் வடிவம். பசிக்கு ரொட்டி திருடியவனை வாழ்நாள் முழுதும் திருடன் என்றே துரத்துகிற கதை. படத்திலே நாகையாவைத் துரத்திய சாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு, கடைசிவரை அந்தப் பாத்திரமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. நடிகருக்கு அந்த ஒட்டு பெருமை. ஏழைக்கு? அந்த ரொட்டித் திருடனின் கதையைத்தான் 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பிலே எடுத்துக்காட்டிற்று. இளமையிலே அடிதடி வழக்கிலே சிக்கிச் சமரசமாகிப்போன ஒருவர், டெல்லிக் காவல்துறையிலே எழுத்துப் பணிக்கு வந்தபோது, முன்பே சொல்லவில்லை என்று தள்ளிவிட்டார்கள். இளமையின் தவறுகளைப் பொறுக்க வேண்டும், வாழ்நாள் முழுதும் குற்றவாளி என முத்திரை குத்தக் கூடாது என்று நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள்.

*

நாடாள்வோரை நோக்கிக் கேட்பதற்குமுன், நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது சில உண்டு. ஊர்க் கிளையிலே, படிப்பகத்திலே, தேநீர்க் கடையிலே எடுத்துச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டு "ஆமாங்க" என்று சொல்லாதீர்கள். குற்றம் செய்யாதவன் கூலி போகுமே என்று ஒப்புக்கொள்வது, ஒரு நாள் கூலிக்கு ஆயுட்காலக் கூலியை விற்பதாகும். வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, ஏழைக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவது அதன் கடமை, பிச்சையல்ல.

கைகலப்பு வழக்கிலே இரு தரப்பும் சமரசமாகத் தக்க பிரிவு எது என்று கேளுங்கள். சட்டம் அனுமதிக்கும் பிரிவிலே முறைப்படி நீதிமன்றத்திலே சமரசம் பதிவானால், அது விடுதலைக்கு ஒப்பாகும். அபராதம் கட்டுவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை!

குற்றம் மெய்யாகவே நடந்திருந்தால், முதல் தவறு என்றால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்குமாறு வக்கீல் மூலம் கேளுங்கள். அப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையினால் வரும் தகுதியிழப்பு வராது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. வேலை கொடுப்பவர் நடத்தையை ஆராய்வதை அது முற்றிலும் தடுத்துவிடாது. ஆனாலும் கையிலே ஒரு கேடயம். 1985இலே டெல்லிப் பால் நிறுவனத்துக் காசாளர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மகன் இறந்து, மனைவி நோயுற்ற வேளையிலே ஐந்நூறு ரூபாயைக் கையாடிப் பிறகு திருப்பிக் கட்டியவர் அவர். நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்பட்டும் வேலையை விட்டு விரட்டினார்கள். தண்டிக்கும் உரிமை இருந்தால் நேர்மையாகத் தண்டிக்கும் கடமையும் உண்டு என்று சொல்லி, சம்பள பாக்கியோடு மீண்டும் வேலை கொடுக்கச் செய்தது நீதிமன்றம்.

விண்ணப்பத்திலே கேட்டால், மறைக்காதீர்கள்! சிறு வழக்கு பல பேரின் வேலையைப் பறித்ததில்லை. அதை மறைத்த பொய்தான் பறித்தது. கட்டத்திலே 'உண்டு' என்று எழுதி, தனித்தாளிலே நாலு வரி எழுதுங்கள்: இன்ன ஆண்டு, இன்ன பிரிவு, இவ்வளவு அபராதம், அதன்பின் வழக்கேதும் இல்லை. தீர்ப்பு நகலை வாங்கி இணையுங்கள். பயிற்சி கொடுத்தவரிடமும் வேலை பார்த்த இடத்திலும் நடத்தைச் சான்று பெற்று வையுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்பே அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். பணத்தையும் கட்டி, பாடத்தையும் படித்து, வாசலிலே நிற்க வேண்டாம். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போக எண்ணுபவர், வழக்கு நிலுவையிலே இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி பெற வேண்டியிருக்கும் என்பதை ஏஜெண்டிடம் பணம் கொடுக்குமுன் அறிந்துகொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னபிறகும் வேலை தரமாட்டேன் என்றால்? அவதார் சிங் தீர்ப்பின்படி, உண்மை சொன்னதற்காகவே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை. அதனால்தான் தோழர்களே, தனி மனிதனின் நேர்மை மட்டும் போதாது. சட்டம் வேண்டும் என்கிறோம்!

*

நாடாள்வோரே, கேளுங்கள்.

புதுக்கோட்டை நகரிலேயே பார்ஸ்டல் பள்ளி ஒன்று வைத்திருக்கிறீர்கள். எதற்காக? தவறிய இளைஞனைத் திருத்தி, தொழில் கற்பித்து, மனிதனாக்கி அனுப்புவதற்காக. அதற்கென 1925லேயே இந்த மாகாணம் சட்டம் செய்தது. திருத்தி அனுப்புகிறோம் என்று ஒரு கையால் சான்று கொடுக்கிறீர்கள். திருந்தியவனுக்கு வேலையில்லை என்று மறு கையால் கதவைச் சாத்துகிறீர்கள். திருந்த முடியும் என்று நம்பினால் கதவைத் திறவுங்கள்! முடியாது என்று எண்ணினால் அந்தப் பள்ளி எதற்கு, வாத்தியார் எதற்கு, வரிப்பணம் எதற்கு?

1996இலே உச்ச நீதிமன்றம் சொன்னதை நாடாளுமன்றம் நிறைவேற்றட்டும். அந்த இரண்டாயிரம் ரூபாய் வரம்பை இன்றைய பண மதிப்புக்கு ஏற்ப உயர்த்தட்டும். அபராதத்தோடு முடிந்த சில்லறை வழக்கு, குறித்த ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தால் கழிந்ததாகக் கருதப்படட்டும். புதிய தண்டனைச் சட்டத்திலே சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை என்று ஒரு தண்டனையை வைத்திருக்கிறார்களே, அதையும் அந்தக் கணக்கிலே சேர்க்கட்டும். சமூகத்துக்குச் சேவை செய்து கழித்த தண்டனை, சமூகத்துக்குச் சேவை செய்யும் வேலைக்குத் தடையாவதைவிடக் கேலிக்கூத்து வேறென்ன இருக்க முடியும்?

நாடாளுமன்றம் விழிக்கும்வரை மாநிலம் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளிலும், ஒப்பந்தக்காரர் வழியாக ஆளெடுக்கும் இடங்களிலும், கேட்கிற தாளைத் திருத்தலாம். 'வழக்கு உண்டா' என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதிலாக, நோயாளியின் பாதுகாப்பைத் தொடும் குற்றங்களைப் பட்டியலிட்டு, அவை உண்டா என்று கேட்கலாம். தள்ளுவதற்குமுன் அழைத்து விளக்கம் கேட்கலாம். தள்ளினால் காரணத்தை எழுத்திலே கொடுக்கலாம். பத்திரம் ஒன்று, பதில் ஒன்று, பத்து நிமிடம். கருவூலத்திலிருந்து காலணா செலவில்லை!

இரவு இரண்டு மணிக்கு வார்டிலே ஒரு கிழவி முனகுவாள். அவள் கேட்பது தண்ணீர். ஓடிவந்து தலையைத் தாங்கி, தம்ளரை வாயிலே வைக்கும் கை எந்தத் திருவிழாவிலே யாருடைய சட்டையைப் பிடித்தது என்று அவள் கேட்கமாட்டாள். அந்தக் கை வராதிருந்தால், ஏன் வரவில்லை என்று நாம் கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம், கோட்டையின் காதிலே விழும் வரையில்!